லாரி இன்ஜின் மக்கர் செய்தால்: பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

சொந்தமாக ஒரு லாரி எடுத்து நீங்களே ஓட்டப் போகிறீர்கள், இல்லை டிரைவர் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக. நாமக்கல், சங்ககிரி பக்கம் பட்டறை வாசலிலேயே வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பழைய வண்டியைக் கடனில் எடுத்து, டியூவும் டீசலும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்க்கிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் வண்டி எடுத்த புதிதில் ஏற்றம் வந்தாலே புல்லிங் இல்லாமல் திணறும். ஒரு பட்டறையில் காட்டியதும் டீசல் பம்பை இறக்கச் சொன்னார்கள். இறக்கி, காலிபரேஷன் செய்து, திரும்ப மாட்டிய பிறகும் அதே திணறல். கடைசியில் பார்த்தால், டேங்கிலிருந்து வரும் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. அந்த ஹோஸ் விலை சில நூறு ரூபாய். பம்புக்குக் கொடுத்த பணமும் வண்டி நின்ற நாட்களின் வாடகையும் போனது போனதுதான். அதற்குப் பிறகு நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே வரிசையை: செலவு குறைவானதை முதலில் பார்ப்பது, பெரிய வேலையைக் கடைசியில் திறப்பது.

1. உங்கள் இன்ஜின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டிப் புகைக்கான அரசு விதிதான் பிஎஸ், அதாவது பாரத் ஸ்டேஜ். நாடு முழுக்க பிஎஸ்4 வந்தது 2017 ஏப்ரல் 1இல், பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரல் 1இல். ஆனால் தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிஎஸ்4 காலத்திலும் பழைய மாதிரி இன்லைன் பம்போடு வந்த அசோக் லேலண்ட் வண்டிகள் உண்டு. கேபினைத் தூக்கி நேரில் பாருங்கள். டீசல் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக இரும்பு பைப் போனால் அது இன்லைன் பம்ப். பம்பிலிருந்து வரும் பைப் இன்ஜினை ஒட்டிக் கிடக்கும் ஒரு தடித்த குழாயில் சேர்ந்து, அங்கிருந்து நாசில்களுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்தால் அது காமன் ரெயில்.

இந்த வித்தியாசம் உயிர் விஷயம். இன்லைன் பம்பில் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாம், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றலாம். காமன் ரெயிலில் அந்த வேலையே கூடாது. அந்தக் குழாய்க்குள் 1600 பாருக்கும் மேலே அழுத்தம் போகும். உங்கள் லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார்தான். ஊசி முனை அளவு கசிவு போதும், டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு சதைக்குள் இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அவ்வளவாக இருக்காது. அப்படி ஏதும் நடந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டாமல் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

2. ஸ்பானரைத் தொடும் முன் காகிதங்கள்

வண்டி வாரண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சீல் வைத்த எதையும் திறக்காதீர்கள். பம்ப், நாசில், இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இவற்றின் சீல் உடைந்திருந்தால் வாரண்டி கேட்க முடியாது. ஃபில்டர், பெல்ட், ஃபியூஸ், பேட்டரி முனை இதையெல்லாம் பார்ப்பதில் சிக்கல் இல்லை.

ஓனர் மேனுவல் இல்லாமல் செகண்ட்ஸ் வண்டி வாங்கியிருந்தால் அந்த மாடலுக்கு ஒன்று தேடிப் பிடியுங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு, பெல்ட் எவ்வளவு டைட்டாக இருக்க வேண்டும், எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பழைய ஓனரிடம் பில்களையும் கேட்டு வாங்குங்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை எப்போது இறக்கினார்கள், பம்ப் எப்போது பார்த்தார்கள் என்று தெரிந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்சூரன்ஸை நம்பி இருக்காதீர்கள். சாதாரண பாலிசி விபத்துக்குத்தான் கொடுக்கும். இயந்திரம் தானாகக் கெட்டுப்போனால் கொடுக்காது. ஹீட் ஆன வண்டியை அப்படியே ஓட்டி ஹெட் வளைந்தால் அது உங்கள் செலவுதான்.

3. வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று, 500லிருந்து 1,000 ரூபாய்க்குள் கிடைப்பது போதும். ரிங் ஸ்பானர், ஓப்பன் ஸ்பானர் செட், ஃபில்டர் கழற்றும் பட்டை, டார்ச், கையுறை. டீசல் ஃபில்டர் ஒரு ஜோடி, ஃபேன் பெல்ட் ஒன்று, பல சைஸ் ஹோஸ் கிளாம்பு, பேன்ஜோ போல்ட்டுக்கு (டீசல் லைனை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர் ஒரு பொட்டலம், ஃபியூஸ், ரிலே. ஒரு மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி ஹோஸ், அதாவது உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ். இதை மறக்காதீர்கள், எதற்கு என்று கீழே சொல்கிறேன். ஐந்து லிட்டர் கேன் இரண்டு, வீல் கட்டை இரண்டு, முக்கோண ரிஃப்ளெக்டர்.

ஸ்பானர் செட்டைப் பொறுத்து எல்லாம் சேர்ந்து சில ஆயிரங்களில் முடிந்துவிடும். கிரேன் வைத்து ஒரு தடவை இழுத்தாலே அதைவிட அதிகம் ஆகும். ஃபில்டரும் பெல்ட்டும் மட்டும் ஒரிஜினலாக வாங்குங்கள். டப்பாவும் லேபிளும் அச்சு அசலாக இருக்கும் போலிகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18% தான். பழைய 28% போட்டு பில் கொடுத்தால் கேளுங்கள்.

4. ஒதுக்கி நிறுத்துங்கள்

இடது ஓரம், முடிந்தவரை ரோட்டை விட்டு வெளியே. பார்க்கிங் பிரேக், வீல் கட்டை, பின்னால் நல்ல தூரத்தில் முக்கோணம், நான்கு பக்கமும் இண்டிகேட்டர். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033க்கு அடியுங்கள். ரோந்து வண்டியும் கிரேனும் அதன் வழியாக வரும். கேபினைத் தூக்கும் முன் கியர் நியூட்ரலா என்று பார்த்து, உள்ளே கிடக்கும் பாட்டில், ஜாக்கி, சாமான்களை எடுத்துவிடுங்கள். தூக்கிய பின் லாக் விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் அடியில் தலையை விடாதீர்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். நீங்கள் பெல்ட்டில் கை வைத்திருக்கும்போது கிளீனர் செல்ஃப் அடித்துவிடக் கூடாது.

அப்புறம், எதையும் கழற்றாமல் டிரைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டென்று நின்றதா, இருமி இருமி நின்றதா? கடைசியாக என்ன வேலை நடந்தது? பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் சம்பந்தம்: ஃபியூஸ், ரிலே, ஸ்டாப் சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் கரண்ட் சுவிட்ச்), சென்சார் ஒயர். இருமி நின்றால் டீசல் சம்பந்தம். நேற்று ஃபில்டர் மாற்றியிருந்தால் ஏர் லாக்கை, அதாவது டீசல் லைனில் காற்று சிக்கியதை முதலில் சந்தேகப்படுங்கள். முந்தாநாள் பாடி பட்டறையில் வெல்டிங் நடந்திருந்தால் ஒயரிங்கைப் பாருங்கள். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி முனைகளைக் கழற்றாமல் விட்டால் இசிஎம் போய்விடும். புது மாடல் வண்டிக்குக் கண்டெய்னர் கட்டும்போதும், சட்டம் அடிக்கும்போதும் பக்கத்தில் நின்று முனைகளைக் கழற்றச் சொல்லுங்கள்.

5. செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

கனரக வண்டிகள் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இணைந்திருக்கும். சின்ன யானை மாதிரி வண்டிகளுக்கு 12 தான்; கீழே சொல்லும் கணக்கை அதற்குப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

வண்டி ஆஃபில் ஓய்வாக இருக்கும்போது 25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. 24க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 18, 19க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் டைனமோவையும் பெல்ட்டையும் பாருங்கள். இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று 12.6, இன்னொன்று 11 என்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றும்போது ஜோடியாக மாற்றுவதே நல்லது. பழையதும் புதியதும் சேர்ந்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும். ஜோடி இருபதாயிரத்துக்கு மேல் வரும், வாரண்டி கார்டில் தேதி போட்டு சீல் வாங்குங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியை மாற்றச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சேஸிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கி மாட்டினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை, செலவு உப்புத்தாள் மட்டும்.

6. செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

வழியில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஏமாற்றப்படுவதும் இங்கேதான் அதிகம். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். 10, 15 வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம். இடையில் ஒரு நிமிஷமாவது விடுங்கள், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் கருகும். வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

டீசல் போகவில்லை என்றால் டேங்கிலிருந்து ஆரம்பியுங்கள். டீசல் மீட்டரை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே சில வண்டி கிளம்பிவிடும். அடுத்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் அது தண்ணீர். தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். மழைக்காலத்தில் தினமும் காலையில் இதைச் செய்ய வேண்டும்.

ஸ்டாப் கேபிள் இருக்கும் பழைய வண்டியில் அந்த லிவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். சொலினாய்டு என்றால் சாவி போட்டதும் ‘டக்’ என்று கேட்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் ஏர் லாக். இன்லைன் பம்பில் ஏர் எடுப்பது இப்படி:

ஃபில்டர் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். பம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஹேண்ட் பிரைமரின் (கையால் அடித்து டீசல் ஏற்றும் சின்னப் பம்ப்) குமிழைத் திருகி விடுவித்து, மேலும் கீழுமாக அடியுங்கள். முதலில் கை லேசாகப் போகும், ஒன்றும் வராது. பிறகு வெள்ளை நுரையாகப் பொங்கும், அதன் பிறகு நுரையும் டீசலும் கலந்து துப்பும். நிறுத்தாதீர்கள். குமிழி ஒன்றுகூட இல்லாமல் டீசல் சீராக வழியத் தொடங்கியதும், அடித்துக்கொண்டே திருகை மூடுங்கள். இப்போது பிரைமர் கைக்குக் கெட்டியாக நிற்கும். அந்தக் கெட்டி வரவில்லை என்றால் இன்னும் எங்கோ காற்று ஏறுகிறது. அடுத்து பம்பின் மேலுள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். பிரைமர் குமிழை அழுத்தித் திருகிப் பூட்ட மறக்க வேண்டாம். விட்டால் அது வழியாகவே காற்று ஏறும். அப்படியும் எடுக்கவில்லை என்றால் இரண்டு மூன்று சிலிண்டரின் நாசில் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் பீச்சியதும் இறுக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முதலில் இரண்டு சிலிண்டரில் குலுங்கி, பிறகு சீராகும்.

காமன் ரெயிலில் கை பிரைமரைக் கெட்டியாகும்வரை அடிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள். ஃபியூஸ், ரிலே, கிராங்க் சென்சார், கேம் சென்சார் இவற்றின் கப்ளர்களை (ஒயர் சொருகும் இணைப்புகளை) கழற்றி எண்ணெய், ஈரம், வளைந்த பின் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். எலி கடித்த ஒயர் ஒன்றே வண்டியை நிறுத்திவிடும். பல நாள் ஷெட்டில் நின்ற வண்டியில் அதைத் தேடுங்கள்.

ஏர் எடுத்ததும் வண்டி ஓடி, மறுநாள் காலை திரும்பவும் அதே பிரச்சினை என்றால் காற்று உள்ளே வரும் வழி இன்னும் அடைபடவில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்னப் பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அது வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். இங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் வெறும் கண்ணால் பார்க்கிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேரே பம்புக்குப் போகிறார்கள். அந்தக் கண்ணாடி ஹோஸ் இதற்குத்தான். ஃபீட் பம்புக்கு வரும் லைனைக் கழற்றி, நடுவில் கண்ணாடி ஹோஸை மாட்டி, இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு வண்டியை ஓடவிடுங்கள். உள்ளே குமிழி ஓடுவது தெரிந்தால் ஓட்டை டேங்க் பக்கம். அடுத்து, அந்த ஹோஸின் முனையைச் சுத்தமான டீசல் நிரப்பிய கேனில் விட்டு ஓட்டிப் பாருங்கள். கேனில் நன்றாக ஓடி, டேங்கில் திணறினால் பம்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. டேங்க் முதல் அந்த இடம் வரை உள்ள ஹோஸ், வாஷர், டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சு குழாய் இவற்றில்தான் வினை. பேன்ஜோ போல்ட்டைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூல் பிரிந்து போய் ஃபில்டரையும் பம்பையும் அடைக்கும்.

பொறுமையாகச் செய்தால் இவ்வளவுக்கும் ஒரு அரைநாள் போதும். பம்ப் இறக்கி, ஏற்றி, பெஞ்சில் போட்டால் குறைந்தது இரண்டு நாள், செலவு ஐந்து இலக்கம். இதைப் பார்த்து முடிக்காமல் பம்பை இறக்க யாரையும் விடாதீர்கள்.

7. ஓடுகிறது, ஆனால் புல்லிங் இல்லை

முதலில் வண்டியே பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு பிரேக் டிரம் பக்கத்திலும் புறங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடவில்லை. அடுத்து எக்ஸாஸ்ட் பிரேக். அது புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைப்பது; அதன் பட்டர்ஃபிளை, அதாவது உள்ளே இருக்கும் தகடு, பாதி மூடி நின்றுவிட்டால் டர்போ, பம்ப், நாசில் எல்லாம் புதிதாக இருந்தாலும் வண்டி ஏறாது. லிவரைக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆக்ஸிலேட்டர் கேபிள் வண்டி என்றால், பெடலை முழுக்க மிதிக்கும்போது பம்ப் லிவர் கடைசி வரை போகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு புகை. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, இல்லை டீசல் அதிகம். ஏர் கிளீனர் இண்டிகேட்டரில் சிவப்பு வந்துவிட்டதா பாருங்கள். எலிமெண்டைத் தரையில் தட்டிச் சுத்தம் செய்வது நம் ஊர் வழக்கம், செய்யாதீர்கள். தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்து, தூசி நேரே உள்ளே போய் சிலிண்டர் லைனரைத் தின்றுவிடும். உள்ளே இருக்கும் இரண்டாவது எலிமெண்டை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். நுரை கிளம்பும் இடத்தில் கிளாம்பு லூஸ், அல்லது ஹோஸ் வெடிப்பு. எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்கும்போது கறுப்புப் புகையை இப்படித்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதன் பிறகு வருஷா வருஷம் எஃப்சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்து வையுங்கள்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ, வால்வு சீல், பிஸ்டன் ரிங் மூன்றில் ஒன்று. டர்போவின் காற்று ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் குளம் கட்டியிருந்தால் டர்போவை முதலில் காட்டுங்கள். இன்ஜின் போர் வேலை என்று லட்சங்களில் பேசுகிறவரிடம், முதலில் கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

8. ஹீட்

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவில் லோடோடு போகும்போது ஹீட் மீட்டரின் முள் கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான். சமதரையில் ஏறினால் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தியதும் இன்ஜினை ஆஃப் செய்யாமல் ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். ஆனால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே ஆஃப். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். கைவைத்துத் தாங்கும் சூட்டுக்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். காத்திருங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

ஆறிய பின் பார்க்கும் வரிசை: கூலண்ட் அளவு, பெல்ட், ரேடியேட்டர் முகத்தில் அடைத்த வைக்கோல், பூச்சி, மண், ஹோஸ் மடிப்பு, மூடியின் ரப்பர். மூடி லூஸாக இருந்தாலே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், விலையோ சில நூறுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்கே சரியாகப் போகாது. பழையதைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள்.

ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குள் பாருங்கள். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இந்த இரண்டில் எது இருந்தாலும் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாமல் வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும்.

9. ஆயில்

ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஆஃப். அடுத்த பங்க் வரை போகலாம் என்ற பேச்சே கூடாது. அளவு குறைந்தால் கவலைப்படுகிறவர்கள் அளவு கூடினால் சந்தோஷப்படுகிறார்கள், அது ஆபத்து. ஊற்றாமலே ஆயில் ஏறினால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. டீசல் என்றால் டிப்ஸ்டிக்கில் வாசம் வரும், ஆயில் விரலில் வழவழப்பில்லாமல் ஓடும். ஆயிலை வடித்து, கலக்கும் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

10. பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்கு மட்டும்

நாம் பேச்சில் யூரியா என்று சொல்கிற டிஇஎஃப், சுத்தமான நீரில் 32.5% யூரியா கலந்தது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் டோஸிங் பம்பும் கேட்டலிஸ்டும் போகும், செலவு லட்சத்தைத் தொடும். சீல் உடையாத வாளி வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள். தவறி டீசல் டேங்கில் டிஇஎஃப் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். சாவி போட்டால் சில வண்டிகளில் பம்ப் ஓடி, அது லைன் முழுக்கப் போய்விடும்.

புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பின் விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்னபடி ரீஜெனரேஷன் செய்ய, அதாவது சேர்ந்த கரியை எரிக்க விடுங்கள். அப்போது சைலன்சர் பயங்கரமாகச் சுடும், வைக்கோல், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். யூரியா இல்லாமலே ஓட ஒரு பெட்டி மாட்டித் தருகிறேன் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அது சட்டவிரோதம், வாரண்டியும் போகும்.

செக் லைட் எரிந்தால், ஸ்கேனரில் வரும் எரர் கோடு (code) என்ன என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கோடு காட்டும் சென்சாரை உடனே வாங்கி மாட்டாதீர்கள். சென்சார் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஒயரையும் கப்ளரையும் பார்த்த பிறகே பாகம்.

11. நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்

இன்லைன் பம்பின் உள்பாகம், காமன் ரெயில் லைன், நாசில் பிரித்தல், டர்போ பிரித்தல், ஹெட் இறக்குதல், இசிஎம். இவை உங்கள் வேலை இல்லை. பட்டறையில் விடும்போது இப்படிக் கேளுங்கள்: எழுத்தில் எஸ்டிமேட், சொல்லாமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது என்ற ஒரு வரி, கழற்றிய பழைய பாகம் முழுவதும் திரும்ப வேண்டும், பம்ப், நாசிலுக்குப் பெஞ்ச் ரிப்போர்ட், அதாவது சோதனை மெஷினில் போட்டுப் பார்த்த அறிக்கை. நாசில்களை எல்லாம் மாற்றச் சொன்னால், ஒவ்வொன்றின் ரிப்போர்ட்டையும் பாருங்கள். ஆறில் இரண்டுதான் கெட்டிருக்கும். ஆறு சிலிண்டர் இன்ஜின் முழு வேலை என்றால் பாகம், லேத், கூலி எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது, ஒரு வாரம் பத்து நாள் வண்டி நிற்கும். டியூ தேதியைப் பார்த்து, ஃபைனான்ஸில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

12. வேலை முடிந்த பிறகு

என்ன பாகம், எத்தனை கிலோமீட்டரில், யார் மாட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி, பில்லை அதிலேயே ஒட்டிவிடுங்கள். வண்டியை விற்கும்போதும் இந்த நோட்டுக்கு விலை உண்டு.

பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு வேறு இன்ஜின் வைத்தால் ஆர்சியில் இருக்கும் இன்ஜின் நம்பர் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியில் ஏற்றியாக வேண்டும். மாற்றத்தைத் தெரிவிக்க 14 நாள் அவகாசம். வாங்கிய இன்ஜினுக்கு பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதமும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். திருட்டு இன்ஜினாக இருந்தால் வண்டியோடு ஸ்டேஷனில் நிற்க வேண்டி வரும். நம்பர் ஏறாத வண்டிக்கு எஃப்சியும் கிடைக்காது, விபத்து என்றால் இன்சூரன்ஸும் இழுத்தடிக்கும். கடன் வண்டி என்றால் ஃபைனான்ஸிடமும் சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு மட்டும் இந்த வரிசை முழுக்க வேறு. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு நடந்ததைக் கேட்டிருப்பீர்கள். ஏர் கிளீனர் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி அடித்து உடைந்ததற்கு இன்சூரன்ஸ் கொடுக்க மறுப்பார்கள். பேட்டரி முனையைக் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் கொடுத்து சர்வேயர் வந்து பார்த்த பிறகே வண்டியை இழுத்துப் போய்ப் பட்டறையில் விடுங்கள்.